வண்டியின் இருக்கையும் கைப்பிடியும்: நெடுந்தொலைவு செல்வோர் அறிய வேண்டியவை

“டாக்டர், வண்டி ஓட்டும்போது இரண்டு கை விரல்களும் மரத்துப் போகின்றன. சர்க்கரை நரம்பைத் தாக்கிவிட்டதா?” எங்கள் வெளிநோயாளர் பிரிவில் இக்கேள்வி எழாத வாரம் அரிது. கேட்பவர் பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர். நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். நாள்தோறும் நெடுந்தொலைவு மோட்டார் சைக்கிளில் சென்று வருபவர். அவரிடம் நாங்கள் மூன்று கேள்விகள் கேட்கிறோம். கால் விரல்கள் எப்படி இருக்கின்றன? கையில் மரத்துப் போவது எந்தெந்த விரல்கள்? மூன்றாவது கேள்வி அவரைச் சற்றே வியக்க வைக்கும்: உங்கள் வண்டியின் சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறதா? இந்த மூன்றையும் ஏன் கேட்கிறோம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கறம்பக்குடியிலிருந்து மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் அன்றாடம் சென்று வருவோர் பலர். கீரமங்கலத்துப் பூக்களும் வடகாட்டுப் பலாவும் வண்டிகளில் பயணம் செய்கின்றன. கட்டுமாவடி, மல்லிப்பட்டினம் கடற்கரைகளிலிருந்து மீன்பெட்டி கட்டிய வண்டிகள் உள்ளூர்களுக்கு வருகின்றன. நோயாளியைப் பின்னிருக்கையில் அமர்த்தி மருத்துவமனைக்கு அழைத்து வரும் மகனும் மருமகனும் அதே சாலையில்தான் வருகிறார்கள். இவர்களுள் பலருக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் வண்டியின் மேலேயே கழிகிறது. “வண்டி ஓட்டினால் வலிக்கத்தானே செய்யும்” என்று பொறுத்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தப் பொறுமை இரண்டு வகையில் கேடு செய்கிறது. ஒரு ஸ்பேனரைக் கொண்டு பத்து நிமிடத்தில் தீர்க்கக்கூடிய வலிக்கு ஆண்டுக்கணக்கில் வலிமாத்திரை உட்கொண்டு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வோர் ஒருபுறம். ஒரே நாளில் சிகிச்சை பெற வேண்டிய நரம்புப் பாதிப்பை “சீட் கோளாறு” என்று எண்ணி வாரக்கணக்கில் தள்ளிப் போடுவோர் மறுபுறம்.

உட்காரும்போது உடல் எதன்மேல் நிற்கிறது?

இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு எலும்பு முனைகள் உள்ளன. கெட்டியான பலகையில் அமர்ந்து, உள்ளங்கைகளைப் பிட்டத்தின் அடியில் வைத்துப் பார்த்தால் அவை தட்டுப்படும். நிற்கும்போது இவற்றைப் பிட்டத் தசை மூடியிருக்கிறது. உட்கார்ந்தவுடன் தசை விலகிக்கொள்ள, எலும்புக்கும் இருக்கைக்கும் இடையில் தோலும் சிறிதளவு கொழுப்புமே எஞ்சுகின்றன. மேல் உடலின் எடையில் பெரும்பகுதி அந்த இரண்டு சிறிய இடங்களில் இறங்குகிறது.

1930ஆம் ஆண்டில் யூஜின் லாண்டிஸ் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் மனித விரல் நகத்தடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் இருக்கும் அழுத்தத்தை அளந்தார். குழாயின் தொடக்கத்தில் அது சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று கண்டார். உட்கார்ந்திருக்கும்போது எலும்பு முனைகளின் அடியில் உண்டாகும் அழுத்தம் இதைவிட எளிதில் மிகுந்துவிடும். அப்போது அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. தோல் வலியால் அதை அறிவிக்கிறது. நாம் அறியாமலே சற்று நகர்ந்து அமர்கிறோம். நாற்காலியில் நெளிந்து நெளிந்து உட்காருவது உடலின் தற்காப்பு. மோட்டார் சைக்கிளில் அந்த நெளிவுக்கு இடம் குறைவு. சுமை ஏற்றிய வண்டியில் இடமே இல்லை: பின்னால் மீன்பெட்டியோ மூட்டையோ முதுகை முட்ட, ஓட்டுநர் சீட்டின் முன்விளிம்பில் ஒட்டிக்கொண்டு செல்கிறார். 1980இல் டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல் அவ்வகை வண்டி நம் கிராமங்களின் சுமைவண்டியாகவே பயன்பட்டு வருகிறது. முதுகில் சுமை முட்ட அமர்ந்து செல்பவருக்கு இக்கட்டுரையின் மற்ற அறிவுரைகளைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பெட்டியை நான்கு விரல் அளவு பின்தள்ளிக் கட்டி, எலும்பு முனைகள் இரண்டும் சீட்டின் அகன்ற பகுதியில் அமருமாறு செய்துகொள்ள வேண்டும். அதற்கு இடமில்லையெனில் சுமையைக் குறைத்தாக வேண்டும்.

இனி, மென்மை பற்றிய ஒரு தவறான எண்ணம். சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலரும் கருதுகின்றனர். கடையில் கையால் அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்ற ஸ்பாஞ்ச் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அரைமணி நேரம் உடல் எடையைத் தாங்கியபின் அது முழுவதும் நசுங்கி, எலும்பு முனைகள் அடித்தகட்டில் முட்டத் தொடங்கும். அதோடு, மிக மென்மையான ஸ்பாஞ்ச் எலும்பு முனைகளை உள்ளே புதைய விட்டு, நடுப்பகுதியை மேலெழச் செய்கிறது. அந்த நடுப்பகுதி, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தை அழுத்தும். அவ்வழியே செல்லும் நரம்பு நசுங்குவதால்தான் நீண்ட பயணத்துக்குப்பின் அப்பகுதியில் உணர்ச்சி மங்கியது போலத் தோன்றுகிறது.

ஆகவே பழைய சீட்டைப் புதுப்பிக்கும்போது, சீட் தைப்பவரிடம் அடியில் கெட்டியான ஸ்பாஞ்சும் மேலே ஓரளவு மென்மையான மெல்லிய ஸ்பாஞ்சும் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் அடித்தகடு தட்டுப்படக் கூடாது. அமரும் இடத்தில் அகலம் வேண்டும்; உட்தொடை உராயாதவாறு முன்பகுதி ஒடுங்க வேண்டும். மேலுறையில் தையல் வரியோ குமிழ் வேலைப்பாடோ எலும்பு முனைகள் அமரும் இடத்தில் வரக் கூடாது. கண்ணுக்கு அழகாக இருக்கும் குறுக்குத் தையல் ஒரு மணி நேரப் பயணத்தில் தோலில் கோடு பதித்துவிடும்.

துண்டை நான்காக மடித்து சீட்டின் மேல் போட்டுக்கொள்வது நம் பகுதியின் பழைய வைத்தியம். வெயிலில் நின்ற ரெக்சின் சூட்டிலிருந்து அது காக்கும், வியர்வையையும் உறிஞ்சும். ஆனால் ஓரம் நழுவி மடிந்து, ஒரு பக்க எலும்பு மட்டும் உயர்ந்துவிட்டால் இடுப்பு சாய்ந்து முதுகுவலி வரும். பின்பாக்கெட்டில் தடித்த பணப்பை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் இதே கேட்டைச் செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறம் இழுக்கிறது என்று வருவோரிடம் நாங்கள் முதலில் பணப்பையை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்வதுண்டு. காற்று நிரப்பும் மெத்தைகள் அழுத்தத்தை நன்றாகப் பகிர்ந்தளிக்கின்றன. எனினும் அவற்றைப் பாதியளவே நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உடல் தள்ளாடும். வண்டியை நிறுத்தும்போது கால் தரைக்கு எட்டாமல் சாயும்.

கைவலி சீட்டில் தொடங்குகிறது

பல வண்டிகளின் சீட் முன்பக்கமாகச் சரிந்திருக்கும். பழகிய சீட்டோ முன்பகுதி ஸ்பாஞ்ச் நசுங்கிச் சரிந்துவிட்டிருக்கும். ஒவ்வொரு பிரேக்கின்போதும் உடல் டேங்கை நோக்கிச் சறுக்கும். ஓட்டுபவர் தம்மை அறியாமல் இரு கைகளாலும் ஹேண்டில்பாரை உந்தி உடலைப் பின்தள்ளிக்கொண்டே செல்வார். வண்டியைத் திருப்புவதற்கென்று இருக்கும் கைகள் உடலைத் தாங்கும் தூண்களாகிவிடுகின்றன. மேல் உடலின் எடை உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்குகிறது. நரம்புகள் கைக்குள் நுழையும் இடமும் அதுவே.

உங்கள் வண்டியில் அவ்வாறு நேர்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஓட்டும் நிலையில் அமருங்கள். பிறகு கைகளை மெல்ல ஹேண்டில்பாரிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்துங்கள். உடல் அசையாமல் இருந்தால் நலம். முன்னோக்கி விழப் பார்த்தால், அவ்வளவு எடையை உங்கள் மணிக்கட்டுகள் தாங்கி வந்துள்ளன என்று பொருள்.

அதைச் சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் சீட்டின் சரிவைச் சமமாக்க வேண்டும். அதன்பின் ஹேண்டில்பார். பல வண்டிகளில் ஹேண்டில்பாரைத் தாங்கும் பிடிப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் அதைச் சிறிதளவு ஓட்டுநரை நோக்கித் திருப்பலாம். தோள்கள் உயராமல், முழங்கை சற்றே மடிந்திருக்க, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் அமைவதே சரியான நிலை. மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருந்தால் நரம்பு செல்லும் குகைப்பாதை இறுகும். இதற்கு ஹேண்டில்பாரைவிட கிளட்ச், பிரேக் லீவர்களின் கோணமே பெரும்பாலும் காரணம். லீவர்கள் உயர்ந்து நின்றால், அவற்றை எட்ட மணிக்கட்டு வளைந்தே ஆக வேண்டும். லீவரின் பிடிப்பைத் தளர்த்தி, விரல்களை நீட்டும்போது அவை நேராக லீவர்மேல் விழும் அளவுக்குக் கீழிறக்கினால் போதும். இவ்வேலைக்குப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஹேண்டில்பாரை உயர்த்தும் துணைப்பொருள்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பும்போது ஆக்சிலரேட்டர், கிளட்ச், பிரேக் கேபிள்கள் இழுபடக் கூடாது. இழுபட்டால், திரும்பும்போது வண்டி தானாக வேகமெடுக்கும். வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலைகளில் இறங்க வேண்டாம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 தடை செய்கிறது.

முதுகுக்கும் இதே கணக்குத்தான். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்பு இடைவட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட, முன்னோக்கிக் குனிந்து அமர்ந்திருக்கும்போது அழுத்தம் கூடுதல் என்று கண்டார். எட்டாத ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்துக் கூன் விழ அமர்பவர் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அழுத்தத்தின்மேல் ஓர் அடியும் வாங்குகிறார். முதுகின் கீழ்ப்பகுதியிலுள்ள இயல்பான உள்வளைவு, ஓட்டும்போதும் அப்படியே இருக்க வேண்டும்.

அதிர்வு

வண்டியிலிருந்து உடலுக்கு வரும் அதிர்வுகள் இரு வகை. சாலையின் மேடுபள்ளங்களால் வருவது மெதுவான அதிர்வு. எஞ்சினால் வருவது வேகமான அதிர்வு. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு வினாடிக்கு ஏறத்தாழ 5 முறை அசையும் அதிர்வுக்கு மிகுதியாக ஆடுகிறது. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் அது மேலும் மேலும் உயர்வதைப் போன்றது இது. கரடான சாலை தரும் அதிர்வு ஏறக்குறைய இந்த அளவிலேயே அமைவதால்தான் முதுகு சோர்கிறது.

இதைத் தணிக்கும் கருவிகள் வண்டியிலேயே உள்ளன: டயரும் ஷாக் அப்சார்பரும். டயரில் காற்றைக் கூட்டிப் பிடித்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று கல்போல இறுக்கிப் பிடிப்போர் உண்டு. அந்த மிச்சத்தை முதுகு கொடுக்கிறது. சாலையில் டயரின் பிடிமானமும் குறைகிறது. தயாரிப்பாளர் குறித்த அளவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்துப் பிடிக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பரில் பல் போன்ற படிகள் கொண்ட வளையம் பல வண்டிகளில் உண்டு. தனியாகச் செல்லும்போது அதை இளக்கியும், பின்னால் ஆளோ சுமையோ இருக்கும்போது இறுக்கியும் வைக்க வேண்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே மிகுதி என்பது எங்கள் அனுபவம்.

எஞ்சின் அதிர்வின் கதை வேறு. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், அது வினாடிக்கு 100 அதிர்வு. இது முதுகு வரை ஏறாது, கையிலேயே தங்கிவிடும். இத்தகைய அதிர்வு விரல்களின் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும் என்பது நூறாண்டுக்கு முன்பே அறியப்பட்டது. 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில், காற்றழுத்தக் கருவிகளால் கல் செதுக்கிய தொழிலாளரை ஆலிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். குளிர்ந்த காலை வேளைகளில் அவர்களின் விரல்கள் வெளுத்து உணர்விழந்து போவதைப் பதிவு செய்தார். பின்னாளில் ஜப்பானில், மோட்டார் சைக்கிளில் தபால் விநியோகித்த ஊழியர்களிடமும் போக்குவரத்துக் காவலர்களிடமும் இப்பாதிப்பு ஆராயப்பட்டது. மார்கழி விடியலில் பூக்கூடையுடன் செல்பவர், விரல் நுனிகள் சுண்ணாம்பு போல வெளுத்து, பிறகு சிவந்து எரிவதாகச் சொன்னால் நாங்கள் அதை அலட்சியம் செய்வதில்லை. அவர் புகைபிடிப்பவராகவும் இருந்தால், அதை நிறுத்தாமல் வேறெந்தச் சிகிச்சையும் முழுப் பயன் தராது. புகையிலையும் அதே குழாய்களைத்தான் சுருக்குகிறது.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் இயல்பாகவே அதிர்பவை. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டின் அதிர்வை அதன் பெருமையாகவே பேசுவோர் உண்டு. அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட மீட்டியோர் 350 வண்டியின் எஞ்சினில் அதிர்வைத் தணிக்கவென்றே ஒரு சமநிலைத் தண்டு சேர்க்கப்பட்டது. வண்டியை மாற்ற இயலாதவர்கள் செய்யக்கூடியது வேறு. எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, செயின் தளர்ந்துள்ளதா, கோன் செட் தேய்ந்துள்ளதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். ஹேண்டில்பார் முனைகளிலுள்ள எடைக் குமிழ்கள் அழகுக்காக வைத்தவை அல்ல, அதிர்வைக் குறைப்பவை. கழன்று விழுந்திருந்தால் மீண்டும் பொருத்துங்கள். தேய்ந்து கல்லான ரப்பர் கிரிப்பை மாற்றுங்கள். ஆனால் மிகத் தடித்த கிரிப்பும் தடித்த கையுறையும் வேண்டாம். பிடி பருமனானால் விரல்கள் கூடுதல் விசையோடு இறுக்க நேரிடும். இறுக்க இறுக்க அதிர்வு கைக்குள் மேலும் ஏறும். எலுமிச்சம்பழத்தை நசுங்காமல் பிடிப்பது போன்ற பிடியே போதுமானது.

அதிர்வின் வலிமையோடு நேரமும் சேர்ந்தே பாதிப்பைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கச் சொல்கிறோம். இறங்கும்போது தண்ணீரும் குடிக்க வேண்டும். வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லை என்று நீர் அருந்தாமலே ஓட்டுவோர், குறிப்பாகப் பெண்கள், நம் வெயிலில் சிறுநீர்க் கல்லுக்கும் மலச்சிக்கலுக்கும் ஆளாகின்றனர். “வண்டிச் சூட்டால் மூலம் வந்துவிட்டது” என்று பலர் சொல்கிறார்கள். சூட்டைவிட, குடிக்காமல் விட்ட தண்ணீரும் அதனால் வந்த முக்கலுமே பெரும்பாலும் அதன் காரணம்.

சர்க்கரையா, கைப்பிடியா?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நீரிழிவு நரம்பு நோய் வழக்கமாக இரு பாதங்களின் விரல்களில் தொடங்கி மெல்ல மேலேறும். கைக்கு அது வருவதற்குள் கால்கள் நன்கு பாதிக்கப்பட்டிருக்கும். வண்டியில் செல்லும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வீடு வந்து சேர்பவருக்கு, கைவிரல் எப்படியிருந்தாலும், பாதப் பரிசோதனை உடனே தேவை. அவருக்குச் சூடான சைலன்சரும் ஆபத்து; காலில் சுட்டுப் புண்ணானதை மாலையில் இரத்தம் கண்டுதான் அறிவார். ஆனால் கால்கள் நலமாயிருக்க, கைகள் மட்டும் மரத்துப்போகின்றன என்றால் முதலில் மணிக்கட்டையே ஐயுற வேண்டும்.

கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போனால், மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளியோரத்திலோ முழங்கையிலோ வேறொரு நரம்பு நசுங்குகிறது. முதலாவது வகை இரவில் தூக்கத்தைக் கலைக்கும். எழுந்து கையை உதறினால் தணியும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நீரிழிவு உள்ளவர்க்கும், தைராய்டு குறைவு உள்ளவர்க்கும், கருவுற்ற பெண்களுக்கும் இந்த நடு நரம்பு எளிதில் நசுங்கும். ஆகவே “சர்க்கரையா, கைப்பிடியா” என்றால் சிலருக்கு விடை இரண்டுமே. நரம்புக் கடத்தல் பரிசோதனை அதைத் தெளிவாக்கும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, லீவர் கோணத்தைத் திருத்துதல், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவற்றிலேயே பலர் தேறுகின்றனர். கட்டைவிரலின் அடிமேடு வற்றத் தொடங்கிவிட்டால் காத்திராமல் அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டும். வற்றிய தசை முழுவதும் மீள்வது அரிது.

தாமாகவே “நரம்பு ஊசி” போட்டுக்கொண்டு வருவோருக்கு ஒரு சொல். வைட்டமின் ஊசி நசுங்கிய நரம்பை விடுவிக்காது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பது உண்மையே. அதை இரத்தப் பரிசோதனையில் கண்டபின் தருவதுதான் முறை.

பின்னிருக்கையில் நோயாளி

ஒருபக்கமாக அமர்ந்து வரும் அம்மாக்களின் இடுப்பு ஒரு திசையிலும் தோள்கள் மற்றொரு திசையிலும் திருகியிருக்கும். பிடித்துக்கொள்ளவும் ஒரு கைதான். முதுகுவலி உள்ளவர்க்கும் மூட்டு, இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்க்கும் இது ஏற்றதன்று. இருபுறமும் கால் போட்டு அமர்வதே முதுகுக்கு நல்லது. சுடிதார் அணிந்தால் அது எளிது. எவ்வாறு அமர்ந்தாலும் பின்னிருப்பவர்க்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியேனும் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 123 கூறுகிறது. சேலைத் தடுப்பு அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றி வைக்கும் இளைஞர்கள், அந்த வண்டியில் தம் தாயை ஏற்றாதிருப்பார்களாக. முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிய பிறகே வண்டி நகர வேண்டும்.

சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட நோயாளியை வண்டியில் அழைத்து வருவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது, புறப்படுமுன் பையைக் காலி செய்து, குழாயைத் தொடையோடு பட்டை ஒட்டி, பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகவும் சக்கரத்துக்கு எட்டாமலும் இருக்குமாறு கட்டுங்கள். டயாலிசிஸ் முடித்துத் திரும்புவோருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றக்கூடும். பின்னிருக்கையில் மயங்கினால் பிடிக்க ஆளில்லை. அவர்களைப் பேருந்திலோ ஆட்டோவிலோ அழைத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குப்பின் எப்போது வண்டியில் ஏறலாம் என்பதை, வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர்க்குச் சொன்னது மற்றவர்க்குப் பொருந்தாது.

காத்திருக்கக் கூடாதவை

வண்டியிலிருந்து இறங்கிச் சிறிது நடந்தால், சீட்டினால் வந்த மரத்தல் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். தெளியாமல், பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்தொடையிலும் உணர்ச்சி மங்கியே இருந்தால், அதனுடன் சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், அல்லது இரு கால்களும் வலுவிழந்தால், முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். இது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருந்தால், நரம்பு மீளாமலே போகக்கூடும். கூச்சத்தால் இதைச் சொல்லாமல் மறைப்போர் உண்டு. குடும்பத்தார் வெளிப்படையாகவே கேட்டறிய வேண்டும்.

இடக்கையில் பாரமும் நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அது கைப்பிடிக் கோளாறு அன்று. இதயத்தை ஐயுற வேண்டும். உடலின் ஒரு பக்கம் மட்டும் திடீரென மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். இந்நிலைகளில் நோயாளியை வண்டியின் பின்னால் அமர்த்தி ஓட்டி வராமல் 108ஐ அழையுங்கள். முன்பாதம் தூக்க வராமல் தொங்கினாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

மற்ற வலிகளுக்காக எங்கள் பிரிவுக்கு வருவோர் இரண்டு பொருள்களைக் கொண்டு வந்தால் பரிசோதனை எளிதாகும். ஒன்று, நடுத்தாங்கியில் நிறுத்திய உங்கள் சொந்த வண்டியில், வழக்கமாக அணியும் உடையோடும் வழக்கமாக ஏற்றும் சுமையோடும் ஓட்டும் நிலையில் நீங்கள் அமர்ந்திருக்க, பக்கவாட்டிலிருந்து கைபேசியில் எடுத்த படம். மற்றொன்று, ஒரு தாளில் உள்ளங்கையை வைத்து விளிம்பு வரைந்து, மரத்துப்போகும் இடங்களை மட்டும் பேனாவால் நிரப்பிய படம். இறங்கியபின் அது தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அதே தாளில் குறித்து வாருங்கள்.